மொராக்கோவின் பசுமை மின்சாரம்: திறனை எண்ணுவதா, யூனிட்டை எண்ணுவதா?

பருவநிலை மாற்றம் குறித்து உலக நாடுகள் கூடும்போதெல்லாம் முஸ்லிம் நாடுகளில் பாராட்டுடன் பேசப்படும் நாடு மொராக்கோ. எண்ணெய் வளம் இல்லாத நாடு அது. ஆனாலும் பாலைவனத்தில் உலகின் மிகப் பெரிய சூரிய மின் வளாகங்களில் ஒன்றைக் கட்டியது. பள்ளிவாசல் கூரைகளில் சோலார் பேனல்களைப் பொருத்தியது. 2001லும் 2016லும் ஐ.நா. பருவநிலை மாநாட்டை மராக்கிஷ் நகரில் நடத்தியது. ஜெர்மன்வாட்ச் அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் பருவநிலைச் செயல்பாட்டுக் குறியீட்டில் முதல் பத்து இடங்களுக்குள் வழக்கமாக இடம்பெறுகிறது.

இந்தப் பாராட்டில் எவ்வளவு உண்மை இருக்கிறது? ஒரு நாட்டின் பருவநிலைக் கொள்கையை எந்த அளவுகோலால் அளக்க வேண்டும்? இவ்விரண்டு கேள்விகளுக்கும் மொராக்கோவை முன்வைத்து விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாற்றத்துக்குத் தள்ளிய காரணம்

மொராக்கோ இந்தப் பாதைக்கு வந்ததற்கு முதல் காரணம் சுற்றுச்சூழல் அல்ல, பொருளாதாரம். அண்டை நாடான அல்ஜீரியாவுக்கு எண்ணெயும் எரிவாயுவும் உண்டு. மொராக்கோவிடம் சொல்லும்படியாக எதுவும் இல்லை. 2009ஆம் ஆண்டு வாக்கில் அந்நாடு தன் எரிசக்தித் தேவையில் 95 விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறினால் மொராக்கோவின் கருவூலம் காலியாகும்.

அந்த 2009இல்தான் தேசிய எரிசக்தித் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2020க்குள் மின் நிறுவு திறனில் 42 விழுக்காடு சூரியன், காற்று, நீர் ஆகிய மூன்றிலிருந்தும் வர வேண்டும். ஒவ்வொன்றிலும் 2,000 மெகாவாட் என்பது இலக்கு. 2010இல் இதற்கென்றே மாஸென் என்ற அரசு முகமை தொடங்கப்பட்டது. 2015 பாரிஸ் மாநாட்டின்போது 2030க்குள் 52 விழுக்காடு என்ற அடுத்த இலக்கும் அறிவிக்கப்பட்டது.

இதற்கு முன்பே மொராக்கோ இன்னொரு பெரிய வேலையைச் செய்து முடித்திருந்தது. 1995இல் கிராமப்புற வீடுகளில் ஐந்தில் ஒன்றுக்குக்கூட மின் இணைப்பு இல்லை. கிராம மின்மயமாக்கல் திட்டத்தின் பலனாக இன்று ஏறத்தாழ எல்லாக் கிராமங்களிலும் விளக்கு எரிகிறது. கம்பி இழுக்க முடியாத மலைக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு சோலார் பேனல் கொடுக்கப்பட்டது. அதாவது மின்சாரம் பரவியதும், மின்சாரம் பிறக்கும் இடம் மாறத் தொடங்கியதும் அங்கே ஏறக்குறைய ஒரே தலைமுறைக்குள் நடந்தவை.

கண்ணுக்குத் தெரியும் சாதனைகள்

அட்லஸ் மலைக்குத் தெற்கே வர்ஸஸாத் நகரத்துக்கு அருகில் இருக்கிறது ‘நூர்’ வளாகம். பெயருக்கேற்ப ஒளியை அறுவடை செய்யும் இடம். சுமார் 3,000 ஹெக்டேர் பரப்பு. மொத்தத் திறன் சுமார் 580 மெகாவாட். முதல் நிலையம் 2016 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

இங்குள்ள நான்கு நிலையங்களில் மூன்று நம் வீட்டுக் கூரையில் பார்க்கும் பேனல் வகை அல்ல. முதலிரண்டும் வளைந்த கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து எண்ணெயைச் சூடாக்குபவை. மூன்றாவதில் சுமார் 250 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று நிற்கிறது. தரையிலுள்ள ஆயிரக்கணக்கான கண்ணாடிகள் அதன் உச்சிக்கு வெயிலைத் திருப்பிவிடுகின்றன. அந்தச் சூட்டில் உப்பு உருகுகிறது. உருகிய உப்பைத் தொட்டியில் சேமித்து வைத்தால், சூரியன் மறைந்த பிறகும் அதன் வெப்பத்தால் நீராவி உண்டாக்கி மின்சாரம் எடுக்கலாம். முதல் நிலையம் மூன்று மணி நேரத்துக்கும், அடுத்த இரண்டும் சுமார் ஏழு மணி நேரத்துக்கும் வெப்பத்தைச் சேமிக்கக்கூடியவை. மஃக்ரிபுக்குப் பிறகு வீடுகளில் விளக்கெரியும் நேரத்தில்தான் மொராக்கோவில் மின் தேவை உச்சத்தில் இருக்கிறது. அந்த நேரத்துக்காகவே இந்தத் தொழில்நுட்பம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

காற்றாலைகளிலும் நாடு முன்னேறியது. அட்லாண்டிக் கரையோரத் தர்ஃபாயாவில் 131 காற்றாடிகளுடன் 301 மெகாவாட் பண்ணை 2014இல் இயங்கத் தொடங்கியது. டான்ஜியர் நகரிலிருந்து காஸாபிளாங்காவுக்கு 2018 முதல் ஓடும் ‘அல் புராக்’ ஆப்பிரிக்காவின் முதல் அதிவேக ரயில்.

இவற்றின் பலனாக 2020இல் நிறுவு திறனில் சுமார் 37 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க எரிசக்தியானது. 42 என்ற இலக்கை எட்டவில்லை என்றாலும் வெகுதூரம் பின்தங்கவும் இல்லை. 2024 இறுதியில் அது சுமார் 45 விழுக்காட்டைத் தொட்டது. 2030க்கு வைத்த 52 விழுக்காட்டை முன்கூட்டியே எட்டிவிடுவோம் என்று அரசு சொல்லி வருகிறது.

திறன் வேறு, யூனிட் வேறு

இங்கேதான் நாம் நிதானமாகக் கணக்குப் பார்க்க வேண்டும். 45 விழுக்காடு என்பது நிறுவு திறன். மின் நிலையங்களை எல்லாம் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓட்டினால் எவ்வளவு கிடைக்கும் என்பதன் கணக்கு அது. ஆண்டு முழுவதும் உண்மையில் எத்தனை யூனிட் கிடைத்தது என்பது வேறு கணக்கு.

ஒரு கடையில் பத்துப் பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் தினமும் எட்டு மணி நேரம் வேலை பார்க்கிறார்கள். மீதி ஐந்து பேர் இரண்டு மணி நேரம் மட்டும் வந்து போகிறார்கள். தலைகளை எண்ணினால் சரிபாதி. வேலை நேரத்தை எண்ணினால் 50 மணி நேரத்தில் 40 முதல் ஐவருடையது. பகுதி நேரத்தாருடையது 10 மட்டுமே. அதாவது ஐந்தில் ஒரு பங்கு. சூரியன் இரவில் இல்லை, காற்று எப்போதும் ஒரே சீராக வீசுவதில்லை. நிலக்கரி நிலையமோ இரவு பகலாக ஓடும்.

மொராக்கோவின் நிலையும் இதற்கு நெருக்கமானதே. நாடு ஆண்டுக்குச் சுமார் 42 பில்லியன் யூனிட் மின்சாரம் உற்பத்தி செய்கிறது. 2024இல் அதில் கால் பங்கை ஒட்டியே புதுப்பிக்கத்தக்க வழிகளில் வந்தது. ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு நிலக்கரி. அந்த நிலக்கரியும் கப்பலில் வந்து இறங்குவதுதான்.

நீர்மின் நிலையங்கள் இந்த வேறுபாட்டை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. அவற்றின் திறன் 1,700 மெகாவாட்டுக்கும் மேல். அது 45 விழுக்காட்டுக் கணக்கில் முழுவதுமாகச் சேர்ந்திருக்கிறது. ஆனால் மழை பொய்த்த ஆண்டுகளில் அணையில் தண்ணீர் இல்லை. மொத்த மின்சாரத்தில் அவற்றின் பங்கு வெகு சில விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. காகிதத்தில் திறன் அப்படியே நிற்கிறது.

நிலக்கரியைக் கைவிடுவது ஏன் கடினமாக இருக்கிறது? மூன்று காரணங்கள்.

முதலாவது, ஒப்பந்தங்கள். ஜோர்ஃப் லஸ்ஃபர் துறைமுகத்திலுள்ள நிலக்கரி நிலையம் மட்டும் 2,000 மெகாவாட்டுக்கும் மேல். அதன் முதல் நான்கு அலகுகளின் ஒப்பந்தம் 2027இல் முடிய வேண்டியது. 2020இல் அதை 2044 வரை நீட்டித்தார்கள். ஸாஃபி நகரில் 1,386 மெகாவாட் நிலையம் 2018இல்தான் தொடங்கியது. அதற்கு 30 ஆண்டு ஒப்பந்தம். நூர் வளாகத்தைத் திறந்து உலகத்தின் பாராட்டைப் பெற்ற அதே காலத்தில்தான் இவையும் நடந்தன.

இரண்டாவது, அண்டை நாட்டுப் பிணக்கு. அல்ஜீரியாவிலிருந்து மொராக்கோ வழியாக ஸ்பெயினுக்குப் போன எரிவாயுக் குழாய் ஒப்பந்தத்தை அல்ஜீரியா 2021 அக்டோபர் 31உடன் முடித்துக்கொண்டது. எரிவாயு நிலையங்கள் நின்றுபோக, நிலக்கரியின் பங்கு கூடியது. 2022இல் அதே குழாயில் ஸ்பெயினிலிருந்து எதிர்த் திசையில் எரிவாயு வரத் தொடங்கியது. இரண்டு முஸ்லிம் நாடுகளுக்கு இடையிலான பகை காற்றில் கலக்கும் புகையையும் கூட்டியது என்பது வேதனையான உண்மை.

மூன்றாவது, வீட்டுக் கூரைகளைத் திறந்துவிடுவதில் காட்டிய தயக்கம். பெரிய வளாகங்களுக்கு அரசு முன்னுரிமை கொடுத்தது. சொந்தத் தேவைக்கு மின்சாரம் தயாரித்து மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்க வழி செய்யும் சட்டம் 2023இல்தான் வந்தது. அதிலும் ஆண்டு உற்பத்தியில் 20 விழுக்காட்டுக்கு மேல் விற்க முடியாது.

நூர் கற்றுத் தந்த பாடம்

நூர் வளாகம் தொழில்நுட்ப அற்புதம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் விலை அதிகம். முதல் நிலையத்தில் ஒரு யூனிட் மின்சாரத்தை மாஸென் 1.62 திர்ஹமுக்கு வாங்கியது. மின்வாரியத்துக்கு விற்றதோ 0.85 திர்ஹமுக்கு. வித்தியாசத்தை அரசு தாங்கியது. நாட்டின் பொருளாதார, சமூக, சுற்றுச்சூழல் மன்றமே 2020இல் இந்த இழப்பைச் சுட்டிக்காட்டி, வெயிலைக் குவிக்கும் இந்தத் தொழில்நுட்பத்தை இனி தொடர வேண்டாம் என்று சொன்னது. 2016இல் 850 மெகாவாட் காற்றாலைகளுக்கு ஏலம் விட்டபோது யூனிட்டுக்குச் சராசரியாக 3 அமெரிக்க சென்ட் அளவில், அதாவது சுமார் 0.30 திர்ஹமில், விலை கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும்.

2024இல் கோபுர நிலையத்தின் உருகிய உப்புத் தொட்டியில் கசிவு ஏற்பட்டு, உற்பத்தி பல மாதங்கள் நின்றது. 2019இல் ஒப்பந்தம் கொடுக்கப்பட்ட மிதெல்த் திட்டம், எந்தத் தொழில்நுட்பம் என்ற இழுபறியில் ஆண்டுக்கணக்கில் தாமதமானது.

இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. நூர் வளாகம் எழுந்த நிலம் அப்பகுதிக் குலத்தாரின் பொது மேய்ச்சல் நிலம். விற்ற பணம் மக்கள் கையில் கொடுக்கப்படவில்லை. ஊர் வளர்ச்சிக்கான நிதியில் போடப்பட்டது. எங்கள் நிலத்துக்கு என்ன கிடைத்தது என்ற குரல் அங்கே இன்றும் ஒலிக்கிறது. அடுத்தது, அல் அயூன், போஜ்தூர் பகுதிகளின் சூரிய, காற்றாலை நிலையங்கள் மேற்கு சஹாராவில் இருக்கின்றன. தன்னாட்சி பெறாத நிலப்பகுதிகளின் ஐ.நா. பட்டியலில் இன்றும் இருக்கும் பிரதேசம் அது. மின்சாரம் சுத்தமானது என்பதற்காக, நிலம் யாருடையது என்ற கேள்வி மறைந்துவிடாது.

அடுப்படியைத் தொடும் கொள்கை

எரிசக்திக் கொள்கையின் சுமை கடைசியில் வந்து சேரும் இடம் அடுப்படி. மொராக்கோ மானியங்களைக் கையாண்ட விதம் கவனிக்கத் தக்கது. 2012இல் மானியச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 விழுக்காட்டைத் தாண்டியது. வண்டி வைத்திருப்பவருக்கே அதிகம் பயன்பட்ட பெட்ரோல், டீசல் மானியத்தை 2013 முதல் 2015 வரை படிப்படியாக எடுத்தார்கள். ஏழை வீட்டின் சமையல் கேஸ் மானியத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். பல ஆண்டுகளாக 12 கிலோ சிலிண்டர் 40 திர்ஹம்தான்.

2023 டிசம்பரில் ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் குறைந்தது 500 திர்ஹம் நேரடி உதவி கொடுக்கத் தொடங்கினார்கள். அதன் பிறகே, 2024 மே மாதத்தில், சிலிண்டரை 50 திர்ஹமாக உயர்த்தினார்கள். முதலில் கையில் காசு, பிறகு விலை உயர்வு என்ற இந்த வரிசை நியாயமானது. பல நாடுகள் இதைத் தலைகீழாகச் செய்து மக்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தன.

ஆனால் மலிவான கேஸுக்கு இன்னொரு விளைவும் இருந்தது. விவசாயிகள் சமையல் சிலிண்டரைக் கிணற்று மோட்டாருக்கு மாட்டினார்கள். அதற்கு மாற்றாக வந்த சோலார் பம்புக்கு எரிபொருள் செலவே இல்லை. செலவில்லாதபோது நிறுத்துவதற்கும் காரணமில்லை. நிலத்தடி நீர் இன்னும் ஆழத்துக்குப் போனது. புகையைக் குறைக்கும் கருவி தண்ணீரைத் தீர்த்துவிடவும் கூடும் என்பது நம் ஊர் விவசாயிகளும் யோசிக்க வேண்டிய செய்தி.

பள்ளிவாசலிலிருந்து தொடங்கிய பாடம்

2014இல் ‘பசுமைப் பள்ளிவாசல்கள்’ திட்டத்தை மொராக்கோவின் அவ்காஃப் அமைச்சகமும் எரிசக்தி அமைச்சகமும் ஜெர்மனியின் உதவியுடன் தொடங்கின. முதல் இலக்கு 600 பள்ளிகள். பழைய குண்டு பல்புகளுக்குப் பதில் எல்.இ.டி. விளக்கு, உளூச் செய்யும் தண்ணீருக்குச் சூரிய வெப்பக் கருவி, கூரையில் சோலார் பேனல் என மூன்றே மாற்றங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த மராக்கிஷ் குத்பிய்யா பள்ளிவாசலும் இதில் அடங்கும்.

ஆலிம்களுக்கு இதில் தனிப் பொறுப்பு கொடுக்கப்பட்டது. மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுவது பற்றி இமாம்களுக்குப் பயிற்சி தந்து, ஜமாஅத்தாரிடம் எடுத்துச் சொல்லச் செய்தார்கள். ஓடும் ஆற்றில் உளூச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று கற்ற நமக்கு இது புதிதல்ல. நாட்டின் மொத்தப் புகையில் பள்ளிவாசல்களின் பங்கு மிகச் சிறியதுதான். ஆனால் தெரு மக்கள் தினமும் வந்துபோகும் இடத்தில் பேனல் பொருத்தினால், அதைப் பொருத்தும் எலக்ட்ரீஷியனுக்குத் தொழில் கிடைக்கிறது. பார்ப்பவருக்கு நம்பிக்கை வருகிறது.

குர்பானி இல்லாத ஒரு பெருநாள்

உலகம் வெளியிடும் புகையில் மொராக்கோவின் பங்கு 0.2 விழுக்காடு அளவுதான். ஆனால் வெப்பத்தின் அடி அந்நாட்டின் மேல் முழுதாக விழுகிறது. 1960களில் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 2,500 கன மீட்டர் நீர் இருந்தது. இன்று சுமார் 600. தொடர்ந்து ஆறு ஆண்டுகளுக்கும் மேல் வறட்சி நீடித்தது. நாட்டின் இரண்டாவது பெரிய அணையான அல் மஸீரா 2024 தொடக்கத்தில் ஏறக்குறைய வற்றிக் கிடந்தது.

2025 பிப்ரவரியில் மன்னர் ஆறாம் முஹம்மது நாட்டு மக்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவ்காஃப் அமைச்சர் அதைத் தொலைக்காட்சியில் வாசித்தார். ஆட்டு மந்தைகள் முந்தைய கணக்கெடுப்பை விட 38 விழுக்காடு குறைந்துவிட்டன. எனவே இவ்வாண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பானி கொடுப்பதைத் தவிர்த்துக்கொள்ளுங்கள், மக்கள் சார்பில் நானே கொடுக்கிறேன் என்பது அதன் சாரம். அவருடைய தந்தை காலத்தில் 1996லும் இப்படி நடந்ததுண்டு. குர்பானி வலியுறுத்தப்பட்ட சுன்னத் என்பதும், இயலாதவர் மீது அது சுமத்தப்படவில்லை என்பதும் நாம் அறிந்தவை. ஆனாலும் ஆடு வாங்கி வரும் வாப்பாவை எதிர்பார்த்து வாசலில் நிற்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பெருநாள் எப்படி இருந்திருக்கும்? பருவநிலை மாற்றம் என்பது நம் வணக்க வழிபாடு வரை வந்துவிட்ட விஷயம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நகரங்களின் குடிநீருக்கு இப்போது கடலையே நம்பியிருக்கிறார்கள். காஸாபிளாங்கா அருகே கடல்நீரைக் குடிநீராக்கும் பெரிய நிலையத்தின் பணி 2024இல் தொடங்கியது. கடல்நீரை நன்னீராக்க மின்சாரம் நிறையத் தேவை. அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால், தாகத்தைத் தீர்க்கப் போய் வறட்சியை வளர்த்ததாக ஆகும். அதனால்தான் அந்த நிலையத்தைப் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் இயக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள்.

என்ன மதிப்பெண் தரலாம்?

2021இல் மொராக்கோ ஐ.நா.விடம் கொடுத்த வாக்குறுதி இது: வழக்கமான போக்கில் போனால் 2030இல் வெளியாகக்கூடிய புகையில் 45.5 விழுக்காட்டைக் குறைப்போம். இதில் சொந்தச் செலவில் செய்வது 18.3 விழுக்காடு. மீதி, பணக்கார நாடுகளின் உதவி கிடைத்தால் மட்டும். நாடுகளின் வாக்குறுதிகளை ஆராயும் கிளைமேட் ஆக்‌ஷன் டிராக்கர் மொராக்கோவுக்கு ‘ஏறத்தாழப் போதுமானது’ என்ற தரம் தந்திருக்கிறது. ஜெர்மன்வாட்ச் குறியீட்டிலோ, எந்த நாடும் போதிய அளவு செய்யவில்லை என்பதால் முதல் மூன்று இடங்களை யாருக்கும் தருவதில்லை. எனவே முதல் பத்தில் இருப்பது மற்றவர்களை விடப் பரவாயில்லை என்பதற்கான சான்றே தவிர, கடமை முடிந்தது என்பதற்கான சான்று அல்ல.

நம் மதிப்பீடு இதுதான். திசையைத் தேர்ந்தெடுத்ததில் மொராக்கோ வெற்றி பெற்றிருக்கிறது. மானியச் சீர்திருத்தத்தில் ஏழையை மறக்கவில்லை. பள்ளிவாசலைப் பங்காளியாக்கியது. ஆனால் நிலக்கரி ஒப்பந்தங்களை 2040களின் நடுப்பகுதி வரை இழுத்துவைத்திருக்கும் வரை, நிறுவு திறனில் 52 விழுக்காட்டைத் தொட்டாலும் வேலை பாதிதான் முடிந்திருக்கும்.

இந்த அளவுகோல் மொராக்கோவுக்கு மட்டுமல்ல. மின் நிறுவு திறனில் பாதி நிலக்கரி, எண்ணெய், எரிவாயு அல்லாத வழிகளிலிருந்து வருகிறது என்று 2025இல் இந்தியாவும் அறிவித்தது. அது பெருமைக்குரியதே. ஆனால் நாட்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு நிலக்கரியிலிருந்தே வந்துகொண்டிருந்தது. எந்த நாட்டின் பசுமை அறிவிப்பைப் படித்தாலும் நாம் கேட்க வேண்டியவை நான்கு:

1. சொல்லப்படும் விழுக்காடு திறனா, உற்பத்தியான யூனிட்டா?

2. புதிய நிலையம் வந்ததால் பழைய நிலக்கரி நிலையம் ஏதாவது மூடப்பட்டதா, அதன் ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது?

3. செலவை யார் தாங்குகிறார்கள்: அரசா, நிலம் கொடுத்தவரா, சிலிண்டர் வாங்கும் தாயா?

4. மின்சாரத்தில் மிச்சப்படுத்தியதைத் தண்ணீரில் இழக்கிறோமா?

பூமி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று மிம்பரில் சொல்கிறோம். அமானிதம் என்றால் கணக்கும் உண்டு. அந்தக் கணக்கைச் சரியாகக் கேட்கத் தெரிந்துகொள்வதும் அந்தப் பொறுப்பில் ஒரு பகுதியே.